ஒட்டுத் துணியில் ஓர் அறம்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் நாவில் பயின்று வரும் பழமொழி. ஆடைக்கு அத்துணைச் சிறப்பு உண்டெனின், அவ்வாடையை வெட்டித் தைத்தபின் தையற்காரரின் காலடியில் எஞ்சிக் கிடக்கும் துண்டுகளுக்கு என்ன மதிப்பு? பட்டின் பெருமையையும் பருத்தியின் பெருமையையும் எழுதியோர் பலர். வெட்டி வீழ்ந்த துணுக்கை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அத்துணுக்குகளோடு வளர்ந்த குடும்பத்தினர் என்னும் உரிமையில் யாம் இங்குச் சில சொல்லப் புகுந்தோம்.

சொல்லிலே உள்ள வெட்டு

தமிழில் ஆடையைக் குறிக்கும் சொற்கள் பலவும் வெட்டுதலோடு உறவுடையவை. தறியில் நீளமாக வளரும் நெசவை அறுத்து எடுத்தமையால் 'அறுவை'. துணித்து எடுத்தமையால் 'துணி'. கூறு செய்தமையால் 'கூறை'. துண்டித்தமையால் 'துண்டு' என்று சொல்லறிஞர் விளக்குவர். சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவர் விற்றது துணியே. ஆகவே தமிழர் நோக்கில் முழுத்துணி என்பதே ஒரு பெரிய துண்டுதான்.

'கிழி' என்னும் சொல் இன்னும் சுவையானது. கிழித்த துணியே கிழி. அதில் பொன்னை முடிந்து புலவருக்குக் கொடுத்தால் அது பொற்கிழி. மருந்தையும் தவிட்டையும் முடிந்து சூடேற்றி நோயாளியின் உடலில் ஒற்றினால் அது கிழி ஒத்தடம். அரசவையின் பரிசுக்கும் ஏழை வீட்டு மருத்துவத்துக்கும் ஒரே கந்தைத் துண்டு பயன்பட்டது.

கரிகால் வளவனைப் பாடிய பொருநராற்றுப்படையில், ஆசிரியர் முடத்தாமக் கண்ணியார், வறிய பொருநன் ஒருவனின் ஆடையைக் காட்டுகிறார். வியர்வையில் நனைந்து, பேனும் ஈரும் குடியேறி, வேறு வேறு நூலால் தைத்துத் தைத்து உருமாறிய கந்தை அது. அரசன் அதனைக் களையச் செய்து மெல்லிய பூந்துகில் அளிக்கிறான். அங்கே தையலைக் குறிக்கும் சொல் 'துன்னல்'. தைப்போரைத் 'துன்னகாரர்' என்கிறது சிலப்பதிகாரம். புகார் நகரத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், துணியாலும் நெட்டியாலும் பல கைவினைகள் செய்வோரையும் மறவாது சேர்த்துக்கொள்கிறார். ஒட்டுப்போடுதலும் துணுக்கில் தொழில் செய்தலும் நம் கரைக்குப் புதியன அல்ல என்பதற்கு இவை போதும்.

எம் இல்லத்து மூட்டை

எம் இல்லம் வடலூரில் உள்ளது. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் குறுக்கிடும் ஊர் அது. கிழக்கே சில கல் தொலைவில் குறிஞ்சிப்பாடி; கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்றது. மறுபுறம் நெய்வேலி, சுரங்கத் தொழிலாளரும் அலுவலரும் ஆயிரக்கணக்கில் வாழும் நகரம். ஆகவே தைப்பதற்குத் துணியும் தைத்து வாங்க ஆளும் எம் பகுதியில் என்றும் குறைந்ததில்லை.

கடைத்தெருவில் இருந்த தையற்காரர் ஒருவர் தம் கடையில் விழும் வெட்டுத் துண்டுகளை வாரம் ஒருமுறை ஒரு பையில் கட்டி எம் அன்னையாருக்குக் கொடுத்துவிடுவார். அடுத்த வீட்டு இசுலாமிய அம்மையாரை அன்னையார் 'அக்கா' என்பார். எமக்கு அவர் 'பெரியம்மா'. அவர் இல்லத்தில் கூலிக்குக் கைலி மூட்டுவார்கள். தறியிலிருந்து வந்த துணியின் இரு முனைகளையும் சேர்த்து வட்டமாகத் தைப்பதே கைலி மூட்டுதல். அப்போது நேர்செய்து கத்தரித்த ஓரங்கள் அவரிடம் சேரும். கட்டமும் கோடுமாக அவர் துண்டுகள். பூவும் புள்ளியுமாக எம் அன்னையாரின் துண்டுகள். திண்ணையில் இரு மூட்டைகளும் ஒன்றாகக் கொட்டப்படும் நண்பகல் நேரத்தில், எது யாருடையது என்ற கேள்வி எழுந்ததே இல்லை.

அவ்விருவரும் தைத்தது ஒட்டுப்போர்வை. அடியில் நைந்த பழஞ்சேலை இரண்டு மடிப்பாக விரிக்கப்படும். மேலே துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி அமரும். ஓரங்களை உள்ளே மடித்து, நெருக்கமாக ஓடும் நேர்த் தையலால் எல்லா மடிப்புகளையும் ஒன்றாகப் பிணைப்பர். தையல் நெருங்க நெருங்கப் போர்வை உறுதி பெறும். மார்கழிப் பனியில் அதனினும் இதமான போர்வையை யாம் இன்றுவரை கண்டதில்லை.

மூன்று கூறு

சிக்கனம் என்றவுடன் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதே சிக்கனம் என்று பலர் எண்ணுவர். எம் அன்னையார் அவ்வாறு எண்ணவில்லை. மூட்டைக்கு அவர் சில நெறிகள் வகுத்திருந்தார். இளைய தலைமுறையினர்க்குப் பயன்படும் என்பதால் அவற்றை விரித்துரைக்கின்றோம்.

முதல் நெறி, வந்த அன்றே நனைத்தல். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், நனைந்தால் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் போர்வை முழுதும் இழுபட்டுச் சுருக்கம் விழும். சாயம் போகும் துணியைத் தனியே ஊறவைத்துப் பார்ப்பார். மும்முறை நீர் மாற்றியும் நிறம் இறங்கினால் அது வெள்ளைத் துணியின் அருகே ஒருநாளும் இடம் பெறாது.

இரண்டாம் நெறி, இனம் பிரித்தல். நிறம் பார்த்துப் பிரிப்பது பிற்பாடு. முதலில் நூல் பார்த்துப் பிரித்தல் வேண்டும். பருத்தி நீரில் சுருங்கும்; பாலியெஸ்டர் பெரிதும் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சில சலவைக்குள் தையல் நெளியும். ஆகவே பருத்திக்குப் பருத்தியே துணை.

மூன்றாம் நெறி, அளவு பிரித்தல். உள்ளங்கையினும் பெரியவை போர்வைக்கு. இருவிரல் அகலமுள்ள நீண்ட கீற்றுகள் பின்னி மிதியடி செய்வதற்கு. அவற்றினும் சிறியவை தலையணைக்குள் திணிப்பதற்கு. இவற்றிற்கும் ஆகாதவை அடுப்பங்கரைப் பிடித்துணி, விளக்குத் திரி, சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் சும்மாடு எனப் பல்வேறு வடிவம் பெறும்.

நான்காம் நெறியே தலையாயது. மூட்டை ஒன்றே ஒன்றுதான். அது நிறைந்துவிட்டால் தையற்காரரிடமிருந்து அடுத்த பையை வாங்கமாட்டார். இருப்பதைத் தைத்து முடித்தபின்னரே புதியது வீட்டுக்குள் நுழையும். "வாங்கி வைக்கிறது சேமிப்பு இல்லை, எடுத்துத் தீர்க்கிறதுதான் சேமிப்பு" என்பது அவர் வாய்மொழி. பொருளியல் நூல் எதுவும் அவர் கற்றதில்லை. ஆயினும் கருமித்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையேயுள்ள எல்லையை இதனினும் தெளிவாக எவரும் எமக்குச் சொன்னதில்லை.

தையலில் ஒரு கணக்கு

உள்ளங்கையினும் சிறிய துண்டைப் போர்வைக்கு ஏன் சேர்க்கலாகாது என்று சிறுவயதில் கேட்டதுண்டு. அன்னையார் "நூல்தான் செலவாகும்" என்று மட்டும் சொல்வார். பிற்காலத்தில் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டபோது அவர் சொல்லின் பொருள் விளங்கிற்று.

சதுரத் துண்டு ஒன்றின் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் மறையும் எனக் கொள்வோம். நான்கு அங்குலச் சதுரத்தின் பரப்பு 16 சதுர அங்குலம். தைத்தபின் வெளியே தெரிவது மூன்றரை அங்குலச் சதுரம், அதாவது 12.25 சதுர அங்குலம். ஏறத்தாழ நூற்றுக்கு 23 பங்கு உள்ளே மறைகிறது. இரண்டு அங்குலச் சதுரத்தை எடுத்துக்கொண்டால் பரப்பு 4. தைத்தபின் எஞ்சுவது 2.25. நூற்றுக்கு 44 பங்கு மறைந்துபோகிறது. ஓர் அங்குலச் சதுரமாயின் முக்காற் பங்கு மறையும். கால் பங்கே பயன்தரும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணியும் நூலும் உழைப்பும் வீணாகும் அளவு பெருகுகிறது. எல்லா மிச்சத்தையும் ஒரே வழியில் காப்பாற்ற முயல்வதும் ஒருவகை வீண்செலவே. எதை எதற்கு ஆக்குவது என்று அறிவதே மேலாண்மை.

கடல் கடந்த துண்டுகள்

எம் மாவட்டத்துத் துணியின் வரலாறு திண்ணையோடு முடிவதன்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் 1690இல் புனித டேவிட் கோட்டையைத் தம் வசமாக்கினர். பரங்கிப்பேட்டையிலோ முசுலிம் வணிகர்களும் ஐரோப்பியக் கும்பெனியாரும் துணி வாணிகம் நடத்தினர். சோழமண்டலக் கரையின் நெசவும் சாயமும் சீட்டித் துணியும் கப்பலேறி மேலை நாடுகளுக்குச் சென்றன.

இந்தியச் சீட்டித் துணியின் மீது ஆங்கிலேயப் பெண்டிர் கொண்ட விருப்பம், அந்நாட்டு நெசவாளரை அச்சுறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1700இல் வண்ணமும் அச்சும் ஏற்றிய இந்தியத் துணியின் இறக்குமதியை அவர்தம் நாடாளுமன்றம் தடுத்தது. 1721இல் இயற்றிய சட்டம் அத்தகைய பருத்தித் துணியை உடுப்பதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடைசெய்தது. கிடைத்தற்கரிய துணியின் சிறு துண்டும் போற்றப்பட்டது. இங்கிலாந்தில் இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்தையல் விரிப்புகளுள் முதன்மையானது, கம்பிரியாவில் உள்ள லெவன்சு மாளிகையில் இருக்கிறது. ஏறத்தாழ 1708ஐச் சேர்ந்த அது இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆயது. நம் நாட்டுத் துணியின் துணுக்கு அங்கே செல்வர் மாளிகையின் பெருஞ்சொத்தாயிற்று.

நம் நாட்டிலும் இக்கலை பல பெயர்களில் வாழ்கிறது. நாம் 'கந்தை' என்று இகழ்ந்து சொல்லும் சொல்லின் உறவுச் சொல்லாகிய 'காந்தா', வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓவியம்போல் தைக்கும் போர்வையின் பெயர். கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மகளிர் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிப்பது அவர்தம் முறை. நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ ஒன்று வைப்பர். அப்பூ இல்லாத போர்வை அவர்க்கு நிறைவுடையதன்று. அவ்வினத்தாருள் முசுலிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உண்டு. தையல் எல்லார்க்கும் பொது.

எமக்கு அண்மையிலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஓடும் தேரில் அசைந்தாடும் தொம்பைகளை நோக்குவோர், அவற்றின் அழகெல்லாம் வண்ணத் துணியை வெட்டி மற்றொரு துணிமேல் பொருத்தித் தைத்ததால் விளைந்தது என்பதை உணர்வர். தஞ்சை, கும்பகோணப் பகுதிக் கைவினைஞர் வழிவழியாகக் காத்துவரும் கலை அது.

ஒட்டுப் பக்கமும் முழுப் பக்கமும்

இத்துணைப் பெருமை இருந்தும் ஒட்டுத் துணிக்கு நம்மிடையே ஓர் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எம் தங்கை வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கச் சென்றபோது அன்னையாரும் பெரியம்மாவும் சேர்ந்து தைத்த போர்வையைக் கொண்டு சென்றாள். அறைத் தோழியர் சிலர் அதனைக் கண்டு நகைத்தனர். வீட்டில் வறுமையா என்று வினவினர். முதல் விடுமுறையில் போர்வை மடித்தபடி வீடு திரும்பிற்று. தங்கை காரணம் சொல்லவில்லை, அன்னையாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து அவள் புறப்படும் நாளில் அன்னையார் அப்போர்வையைத் திருப்பி விரித்தார். பின்புறம் ஒரே நிறமுள்ள முழுச் சேலை. "இந்தப் பக்கம் மேலே வர்ற மாதிரி போர்த்திக்கோ. முழுப் பக்கம் ஊர்க் கண்ணுக்கு; ஒட்டுப் பக்கம் உன் உடம்புக்கு" என்றார். அருகில் நின்ற பெரியம்மா வேறொன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து போர்வையை உள்ளே வைத்தார். அவள் படிப்பு முடியும்வரை அப்போர்வை அவளோடு இருந்தது. எந்தப் பக்கத்தை மேலே போர்த்தினாள் என்று யாம் கேட்டதில்லை.

அந்நாளில் பெரியம்மா எம்மிடம் சொன்ன செய்தி ஒன்று நினைவில் நிற்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்பதை அவர்தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பரந்த நாட்டை ஆண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியது ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. சூஃபிகள் ஒட்டுப்போட்ட அங்கியைத் துறவின் அடையாளமாகவே அணிந்தனர். பௌத்தத் துறவியரின் சீவர ஆடையும் துண்டுகளை இணைத்துத் தைத்ததே. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் போல் அதனைத் தைக்கச் செய்தனர் என்பது விநய நூல் தரும் செய்தி. ஆன்றோர் பெருமையாக ஏற்ற ஒட்டு, ஏழைச் சிறுமியின் போர்வையில் மட்டும் இழிவாவது எங்ஙனம்? குறை துணியில் இல்லை. பார்ப்பவர் கண்ணில் உள்ளது.

ஆழிப் பேரலை சொன்ன பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை எம் மாவட்டக் கரையைத் தாக்கிற்று. தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் குப்பங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உதவி வந்தது. அவற்றுள் பழந்துணியும் வண்டி வண்டியாக வந்தது. கிழிந்தவை, அழுக்கேறியவை, மீனவப் பெண்கள் உடுத்தவே இயலாதவை என அவற்றில் மிகுதியானவை கடற்கரைச் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. கொடுத்தோர் உள்ளம் நல்லதே. ஆனால் தமக்கு வேண்டாததைப் பிறர் தலையில் இறக்கி வைப்பது ஈகை ஆகாது என்பதை அக்குவியல்கள் ஊரறியக் காட்டின.

அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய 'கூன்ஜ்' என்னும் தொண்டு நிறுவனம், அவ்வாறு பயனற்றுக் கிடந்த துணிகளைத் தமிழகத்தில் திரட்டிப் பிரித்துப் பயன்படுத்தும் பணியை மேற்கொண்டது. உடுக்கத் தக்கவை ஆடையாகவும், அவற்றுக்கு ஆகாதவை போர்வையாகவும், எஞ்சிய பருத்தித் துண்டுகள் ஏழைப் பெண்களின் மாதவிடாய்த் துணியாகவும் மாறுவது அந்நிறுவனத்தார் முறை. 2015இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அம்முறையை அறிந்தபோது எம் அன்னையாரின் மூன்று கூறுகளே யாம் நினைத்தவை.

எமக்கு வடக்கே ஆரோவில்லில் 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பகம், அலையில் வாழ்விழந்த மீனவ மகளிர்க்குத் தன் வெட்டுத் துண்டுகளைக் கொண்டு சிறு பாவை செய்யக் கற்பித்தது. 'சுனாமிகா' என்பது அப்பாவையின் பெயர். அது விலைக்கு விற்கப்படுவதன்று, அன்பளிப்பாகவே கைமாறுவது. விரும்பியோர் அளிக்கும் நன்கொடையால் அப்பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. கடலை நினைத்து அஞ்சிய கைகள் ஊசியும் நூலும் ஏந்தி ஒருங்கே அமர்ந்தன. விரலளவுத் துணுக்குப் பாவை உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. புகாரில் துணியால் கைவினை செய்தோரின் கரைக்கு வடக்கே, அதே கடலோரத்தில் இது நிகழ்ந்தது.

இனிச் செய்வது என்ன?

இன்று தையற்கடைகள் குறைந்து ஆயத்த ஆடைகள் பெருகிவிட்டன. ஆடை வெட்டும்போது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு துணி வீணாகும் என்று பொதுவாக மதிப்பிடுவர். திருப்பூரில் அம்மிச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் பஞ்சாகி நூலாகிறது; மற்றொரு பகுதி தொழிற்பட்டறைகளில் கை துடைக்கும் துணியாகிறது. ஆலைகள் தம் மிச்சத்துக்கு வழி கண்டுவிட்டன. வழி தெரியாது நிற்பவை நம் வீட்டு அலமாரிகளே.

மாணவச் செல்வங்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். பழைய ஆடையைப் பிறர்க்குக் கொடுக்குமுன் துவைத்து, கிழிசலைத் தைத்து, பொத்தானைப் பொருத்திக் கொடுங்கள். உங்கள் உடன்பிறந்தார்க்குக் கொடுக்கக் கூசும் துணியை ஏழைக்குக் கொடாதீர்கள். உடுக்க இயலாததை மூன்று கூறாக்கிப் பயன்படுத்துங்கள். ஒரு மூட்டைக்கு மேல் சேராதிருக்கட்டும். ஊசியில் நூல் கோப்பதை ஆண்மக்களும் கற்றுக்கொள்ளுங்கள். இவ்வேலையை இத்தனைக் காலம் ஊதியமும் பெயரும் இன்றிச் செய்தோர் நம் வீட்டுப் பெண்டிர். அவர் தைத்த போர்வையில் துயின்ற நாம், அதனைத் தைத்த பொழுதுகளை ஒருநாளும் கணக்கில் எழுதியதில்லை.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் பசித்தோர்க்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. 1872இல் அவர் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் தொங்குகின்றன. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை என ஆறு திரைகள் தனித்தனி நிறத்தன. ஏழாவது கலப்பு நிறத்தது. அதற்கு மெய்யறிவாளர் கூறும் பொருள் ஆழமானது. அதனை உரைக்கும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் தைப்பூச நாளில் கூட்டத்தில் நின்று அத்திரையைக் காணும்போதெல்லாம், கைலிக் கட்டமும் சீட்டிப் பூவும் அருகருகே அமர்ந்த போர்வையே எம் நினைவுக்கு வருகிறது.

பெரியம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. எம் அன்னையாரின் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் இன்றும் விரல் தடவித் தைப்பார். தங்கையின் பேர்த்திக்கான சிறு போர்வை ஒன்று அவர் மடியில் பாதியளவு வளர்ந்திருக்கிறது. மூட்டையில் துணி இன்னும் மிச்சம் உண்டு.